12 மீட்டர் ஆழத்தில் பவளப்பாறையின் நிறம் எங்கே போனது?

மார்ச் 2, மாலை 6.10 (கேள்வி)

பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியபின் முதல் ஸ்கூபா. பவளப்பாறை. எதிர்பார்த்துப் போனது சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், ஊதா. பார்த்தது நீலம், சாம்பல், மண்நிறம். ஆழம் 12 மீட்டர், தண்ணீர் நல்ல தெளிவு, வெயிலும் இருந்தது. மீன் ஏராளம், ஆனால் பக்கத்தில் போனால் எல்லாம் பொந்துக்குள். எல்லோரும் போடும் படங்கள் சாயம் பூசியவையா, இல்லை என்னைச் செத்த பாறைக்குக் கூட்டிப்போய்விட்டார்களா?

மார்ச் 2, இரவு 9.35

டார்ச் கொண்டுபோனீர்களா? போயிருக்க மாட்டீர்கள். போயிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

தண்ணீர் வெளிச்சத்தை வரிசை வைத்து விழுங்குகிறது. முதலில் சிவப்பு, அடுத்து ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். பச்சையும் நீலமும்தான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். 5 மீட்டர் தாண்டினால் சிவப்பு போச்சு. 12 மீட்டரில் செக்கச்செவேல் என்றிருக்கும் கடற்பஞ்சுகூட கருத்த பழுப்பாகத்தான் தெரியும். பாறையில் நிறம் இருக்கிறது. அதைக் காட்டவேண்டிய வெளிச்சம் வழியிலேயே தீர்ந்துவிடுகிறது.

எனக்கு இது புரிந்தது ஒரு காயத்தால். 20 மீட்டர் ஆழத்தில் நங்கூரக் கயிற்றைப் பிடித்தேன். அதில் ஒட்டியிருந்த கொட்டலசு ஆள்காட்டி விரலைக் கீறிவிட்டது. வலி பெரிதாக இல்லை, ஆனால் விரலிலிருந்து புகை மாதிரி ஒன்று கிளம்பியது. கரும்பச்சை. ஏதோ விஷப்பாசி ஒட்டிக்கொண்டது என்று நினைத்துத் தேய்க்கிறேன், தேய்க்கத் தேய்க்க இன்னும் பச்சையாக வருகிறது. கூட வந்தவர் என் கைமேல் டார்ச் அடித்தார். சட்டென்று சிவப்பு. என் ரத்தம்தான்.

மார்ச் 2, இரவு 11.50

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். 5 மீட்டரில் கோடு கிழித்தாற்போல் சிவப்பு நின்றுவிடுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது.

இன்னொன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், அதுதான் முக்கியம். கணக்கில் வருவது ஆழம் மட்டுமில்லை. வெளிச்சம் மேலிருந்து 12 மீட்டர் இறங்கிப் பாறையில் பட்டு, அங்கிருந்து உங்கள் கண்ணுக்கு வரவேண்டும். நீங்கள் 6 மீட்டர் தள்ளி மிதந்தால் மொத்தம் 18 மீட்டர் தண்ணீர். டார்ச்சுக்கும் இதே கதி, போகிற தூரமும் வருகிற தூரமும் சேரும். அதனால் டார்ச்சை வாங்கிவிட்டு 4 மீட்டர் தள்ளி நின்று அடித்தால் காசு வீண். கை எட்டுகிற தூரத்துக்குப் போங்கள். தொடாமல்.

மார்ச் 3, காலை 7.20

படங்கள் பொய்யா என்ற பகுதிக்கு.

பாதிப் படங்கள் பொய் இல்லை. கேமராவின் இரண்டு பக்கமும் நீளமான கைகள் மாட்டி, அதன் நுனியில் ஃபிளாஷ் வைத்து, பொருளுக்கு ஓரடி இரண்டடி தூரத்தில் அடிக்கிறார்கள். அந்த ஒரு கணம் அங்கே உண்மையிலேயே சிவப்பு இருக்கிறது. (கை எதற்கு நீளம் என்றால், ஃபிளாஷ் லென்சை ஒட்டி இருந்தால் தண்ணீரில் மிதக்கும் தூசெல்லாம் மின்னி, படத்தில் பனி பெய்தமாதிரி விழும்.) நல்ல படமா, நிறம் ஏற்றிய படமா என்று கண்டுபிடிக்கப் பின்னணியைப் பாருங்கள். முன்னால் இருக்கும் கிளை கொழுந்துவிட்டு எரியவேண்டும், பத்தடிக்குப் பின்னால் எல்லாம் நீலமாக அடங்கவேண்டும். கடைசிவரை சிவப்பாகவே இருந்தால் அது கடலில் எடுத்த சிவப்பு இல்லை.

நான் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த முதல் 400 படங்களைப் பார்த்த என் தங்கை கேட்டது: "ஒரே படத்தை எதற்கு இத்தனை தடவை வைத்திருக்கிறாய்?"

மார்ச் 4, மதியம் 1.05

செத்த பாறையா என்று கேட்டீர்களே. மண்நிறம் என்று வேறு குறைப்பட்டுக்கொண்டீர்கள். அந்த மண்நிறம்தான் நல்ல செய்தி.

பவளம் விலங்கு. குட்டிக் குட்டிப் பாலிப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், வாயைச் சுற்றிக் கொட்டும் விரல்கள். தனக்கடியில் சுண்ணாம்பால் ஒரு கிண்ணம் கட்டி அதில் உட்கார்ந்திருக்கும். ஆயிரக்கணக்கான கிண்ணங்கள் ஒட்டிக்கொண்டதுதான் நாம் பார்க்கும் மேசை, மான்கொம்பு, மூளை வடிவமெல்லாம். இந்தப் பாலிப்பின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் சர்க்கரை செய்து அதில் பெரும்பங்கை வாடகையாகப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் 90 சதவீதம் வரை இப்படி வருவதுதான். அந்தப் பாசியின் நிறம் பொன்பழுப்பு. ஆகவே பழுப்பு, தேன்நிறம், பாசிப்பச்சை எல்லாம் வீட்டில் ஆள் இருக்கிறது என்பதற்கு அடையாளம். ஆரோக்கியமான பாறையில் பாதிக்குமேல் இந்த நிறம்தான் இருக்கும், டார்ச் அடித்தாலும் அப்படித்தான் இருக்கும். முதல் குறிப்பில் எல்லாப் பழுப்பும் வெளிச்சக் குறைவால் வந்தது என்பதுபோல் எழுதிவிட்டேன், அது சரியில்லை. கடற்பஞ்சுக்கும் மென்பவளத்துக்கும் அது பொருந்தும். கல்பவளத்தில் பல இயல்பிலேயே பழுப்பு.

வெள்ளை வந்தால்தான் கவலை. கடல், கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் இறங்காமல் நின்றால் பாலிப்புக்கும் பாசிக்கும் ஒத்துவராமல் போகிறது. பாசி வெளியேறிவிடும். கண்ணாடிச் சதை வழியாகச் சுண்ணாம்பு எலும்பு தெரியும். உடனே செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பிவரும். 1998, 2010, 2014 முதல் 2017 வரை என்று உலகம் முழுக்க மூன்று முறை பெரிய அளவில் நடந்தது. நான்காவது 2023-ல் தொடங்கியது, 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

இதில் எனக்கு ஒரு வெட்கக்கேடு உண்டு. ஒரு கோடையில் மேடான ஒரு பாறைக்குப் போனேன். மான்கொம்புப் பவளம் மொத்தமும் ஒளிர்கிற ஊதா. உள்ளே விளக்கு வைத்த மாதிரி. இவ்வளவு அழகான பாறையைப் பார்த்ததே இல்லை என்று தண்ணீருக்குள்ளேயே கைகொட்டினேன். படகில் ஏறியதும் வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "மூன்று வாரமாக இப்படித்தான் இருக்கிறது, தண்ணீர் ரொம்பச் சூடு" என்றார். சில பவளங்கள் பாசியை இழக்கும்போது வெயில் சதையைச் சுடாமல் இருக்க ஒளிரும் புரதங்களைக் கூடுதலாகச் சுரக்கும். நான் கைகொட்டியது அதற்கு. மறுபடி ஏழெட்டு மாதம் கழித்துப் போனபோது அதே கொம்புகள்மேல் கம்பளி மாதிரிப் பச்சைப்பாசி மூடியிருந்தது. அதுதான் செத்த பாறை. உங்களுடையது அப்படி இருந்ததா? கொம்பு வழவழப்பாக, கிண்ணங்கள் ஒழுங்காகப் புள்ளி வைத்தாற்போல் இருந்தால் உயிர். மேலே நூல் நூலாக அழுக்கு ஆடினால் இல்லை.

மார்ச் 4, இரவு 10.15

பழைய டைவ் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். மேலே ஊதா என்று எழுதியிருக்கிறேன். குறிப்பேட்டில் "பளீர் நீலம், அழகோ அழகு, ஐந்து நட்சத்திரம், ஆழம் 6 மீட்டர்" என்று இருக்கிறது. நீலமோ ஊதாவோ, ஐந்து நட்சத்திரத்தை அடிக்க இன்னும் கை வரவில்லை.

மார்ச் 6, காலை 6.45

மீன்கள் ஓடின என்ற பகுதி. நீங்கள் துரத்தினால் அவை ஓடும்.

முதல் இருபது டைவ்களில் நானும் பாறையைச் சுற்றுலாப் பேருந்து மாதிரித்தான் சுற்றினேன். ஒரு முறை கணுக்காலில் பிடிப்பு. வலியில் நகரமுடியாமல் மணல் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட வந்தவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்துக்கு நேராக மணலில் கட்டைவிரல் அளவு ஒரு துளை. அதன் வாசலில் ஒரு கோபி மீன், விரல் நீளம், முன்துடுப்புகளை ஊன்றிக்கொண்டு காவல்காரன் மாதிரி. இரண்டு நிமிடத்தில் துளைக்குள்ளிருந்து ஓர் இறால் வந்தது, கொடுக்கை முன்னால் நீட்டி மண்ணைத் தள்ளிக்கொண்டே. புல்டோசர்தான். ஒரு கொட்டு மண்ணை வெளியே போட்டுவிட்டு உள்ளே போனது, மறுபடி வந்தது. அதற்குக் கண் சரியாகத் தெரியாது. வெளியே இருக்கும் நேரமெல்லாம் அதன் நீண்ட உணர்கொம்பு ஒன்று மீனின் முதுகைத் தொட்டபடியே இருந்தது. ஏதோ நிழல் மேலே போனது, மீன் வாலை ஒரு சிலிர்ப்பு சிலிர்த்தது, இறால் உள்ளே. இன்னும் கொஞ்சம் நிழல் நெருங்கியது, மீனும் தலைகீழாக உள்ளே. அந்த நிழல் என் கைதான், மாஸ்க்கைச் சரிசெய்யத் தூக்கியது.

காத்திருந்தோம். ஐந்து நிமிடத்தில் முதலில் மீனின் மூக்கு, அப்புறம் மீன், அப்புறம் கொம்பு, அப்புறம் புல்டோசர். அன்றைக்கு 18 நிமிடம் அதையே பார்த்தோம். இறால் வீடு கட்டுகிறது, மீன் காவல் காக்கிறது, இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. இருபது டைவ்களில் இதைத் தாண்டித்தாண்டி நூறு தடவையாவது போயிருப்பேன்.

கணுக்கால் பிடிப்பு வராதவர்கள் வேண்டுமென்றே உட்காருங்கள். மணலில் மட்டும், உட்காருமுன் அங்கே கல்மீனோ திருக்கையோ இல்லை என்று பார்த்துவிட்டு.

மார்ச் 6, இரவு 8.30

உட்கார்ந்தால் காற்றும் மிஞ்சும், கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர், 200 பார் அழுத்தம், ஆக 2,200 லிட்டர் காற்று. 50 பாரோடு மேலே வரவேண்டும், எனவே செலவழிக்க 1,650 லிட்டர். நிதானமாக நீந்தும் புதியவர் தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு மடங்கு ஏறுகிறது. 10 மீட்டரில் அதே மூச்சுக்கு 40 லிட்டர், ஆக 41 நிமிடம். 20 மீட்டரில் 60 லிட்டர், 27 நிமிடம். மீனைத் துரத்தி மூச்சிரைத்தால் இந்தக் கணக்கெல்லாம் பாதி. நான் ஆரம்பத்தில் 28 நிமிடத்தில் சிலிண்டரைக் காலிசெய்து எல்லோரையும் மேலே இழுத்துக்கொண்டு வந்தவன். யாரும் எதுவும் சொல்லவில்லை, அடுத்த டைவுக்கு என்னோடு ஜோடி சேர மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

மிச்சம் பிடிக்கிறேன் என்று மூச்சை அடக்காதீர்கள். அடக்கிக்கொண்டு சில மீட்டர் ஏறினாலே நுரையீரலில் காற்று விரிந்து கிழித்துவிடும். மெதுவாக இழுங்கள், மெதுவாக விடுங்கள், அவ்வளவுதான்.

மார்ச் 7, காலை 9.00

ஆக்சிஜன் சிலிண்டர் என்று எழுதியவருக்கு: முதுகில் இருப்பது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. காற்று சிலிண்டர். நாம் இப்போது இழுக்கிற அதே காற்று, 21 சதவீதம்தான் ஆக்சிஜன். தனி ஆக்சிஜனைக் கட்டிக்கொண்டு 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வந்து சாகலாம். செய்திகளில் "முதுகில் ஆக்சிஜன் சிலிண்டருடன்" என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வலிப்பில் கால்வாசி வருகிறது.

மார்ச் 8, மாலை 5.40

நேற்று சிடுசிடுப்பாக எழுதிவிட்டேன், அதனால் என்னைப் பற்றியே ஒன்று.

மூன்றாவது டைவ். ஒரு பேராமை நேராக வந்து, என் முகத்தைப் பார்த்து, திரும்பிப் போனது. பூரிப்பில் வழிகாட்டியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். அவர் தலையசைத்துத் தானும் கட்டைவிரலை உயர்த்தினார். நான் இன்னும் உற்சாகமாக இரண்டு கட்டைவிரலும். அவர் என் தோளைப் பிடித்து மேலே கூட்டிப்போக ஆரம்பித்துவிட்டார். தண்ணீருக்குள் கட்டைவிரல் என்றால் "மேலே போவோம்". நன்றாக இருக்கிறது என்பதற்கு விரலை வட்டமாகச் சேர்க்கவேண்டும். இது பயிற்சியின் முதல் நாள் பாடம், தேர்வில் சரியாகவும் எழுதியிருந்தேன். இரண்டு கட்டைவிரலைப் பார்த்து, ஏதோ பெரிய ஆபத்து என்று அவர் நினைத்தாராம்.

மார்ச் 9, இரவு 11.20

யாரோ கேட்டிருந்தீர்கள், அஞ்சாலை (பாறைப் பொந்தில் இருக்கும், பாம்பு மாதிரி நீளமான மீன்) கடிக்குமா என்று. வாயைத் திறந்து மூடித் திறந்து மூடி மிரட்டுகிற மாதிரித் தெரியும், அது மூச்சுவிடுகிறது. செவுளுக்குத் தண்ணீர் தள்ள அதற்கு வேறு வழியில்லை. பொந்தில் கைவிட்டால் கடிக்கும், யார் வீட்டில் கைவிட்டாலும் கடிப்பார்கள். தொண்டைக்குள் இரண்டாவது ஒரு ஜோடித் தாடை உண்டு. முன்தாடை கவ்வியதும் அது முன்னால் வந்து இரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் பார்த்ததில் பெரியது 2 மீட்டர் இருக்கும், என் தொடை கனம்.

மார்ச் 10, காலை 7.05

2 மீட்டர் என்று எழுதியதை ஒன்றரை ஆக்கிக்கொள்ளுங்கள். மாஸ்க் கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒளி வளைவதால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால்பங்கு பக்கத்திலும் தெரியும். தொடையையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். மீனின் தொடையை இல்லை, என் தொடை என்று சொன்னதை.

மார்ச் 11, இரவு 9.50

நிறம் என்று ஆரம்பித்த பேச்சு, நிறத்துக்கே வருவோம். பாறை இடுக்கில் மயில்கழுத்து மாதிரி மின்னும் ஒரு பிராணி உண்டு, மாண்டிஸ் இறால். அதன் கண்ணில் 12 வகை நிற உணரிகள், நமக்கு மூன்றே மூன்று. அதுபோக புற ஊதாவும் அதற்குத் தெரியும். நீங்கள் நீலமும் சாம்பலும் பார்த்த அதே இடத்தில், நம்மால் கற்பனைகூடச் செய்யமுடியாத ஆயிரம் நிறங்களை அது பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

மார்ச் 12, மாலை 4.15

ஆயிரம் நிறத்தை வாபஸ் வாங்குகிறேன். 2014-ல் வந்த ஓர் ஆய்வைச் சுட்டிக்காட்டினார்கள். மாண்டிஸ் இறாலுக்குப் பயிற்சி கொடுத்து, நெருக்கமான இரண்டு நிறங்களைக் காட்டி எது எது என்று கேட்டால், நம்மைவிட மோசமாகத்தான் பிரித்துச் சொல்கிறதாம். 12 உணரிகளும் நுட்பமாகப் பார்க்க இல்லை போலும். மூளையில் போட்டுக் குழப்பாமல் சட்டென்று "இது இந்த நிறம்" என்று முடிவெடுக்க என்பதுதான் அவர்கள் ஊகம். புற ஊதா சரிதான், அதை வாபஸ் வாங்கவில்லை.

மார்ச் 13, இரவு 10.40

தொடாமல் போங்கள் என்று முதல் நாளே உபதேசம் செய்தேன். நான் உடைத்த கதையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

எடையை அதிகமாகக் கட்டியிருந்தேன். பயம்தான் காரணம், மேலே மிதந்துவிடுவோமோ என்று. 8 கிலோ ஈயம். அதைச் சமாளிக்க பிசிடியில் (மிதப்பைக் கூட்டிக் குறைக்க மாட்டிக்கொள்ளும் காற்றுச் சட்டை) காற்றை நிரப்பினேன், கால் தாழ்ந்து உடம்பு சாய்ந்தே இருந்தது. சிங்கமீன் ஒன்றைப் பார்க்கத் திரும்பினேன். காலுக்குக் கீழே ஏதோ நொறுங்கியது. சத்தம் கேட்கவில்லை, ஃபின் வழியாகக் காலில் தெரிந்தது. குனிந்து பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்கு மான்கொம்புக் கிளை இரண்டாக முறிந்து கிடக்கிறது, முறிந்த இடம் சுண்ணாம்புக் கட்டி வெள்ளை. ஒரு நிமிடத்துக்குள் சின்ன மீன்கள் வந்து முறிந்த இடத்தைக் கொத்த ஆரம்பித்துவிட்டன.

மான்கொம்பு வேகமாக வளரும் ஜாதி, ஆண்டுக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர். ஒன்றிரண்டு ஆண்டில் ஈடுகட்டிவிடும் என்று அப்போது என்னைத் தேற்றினார்கள். உருண்டையாக வளரும் பவளத்தில் என் கால் பட்டிருந்தால்? அது ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது.

இப்போது 8 கிலோ இல்லை, 4. சிலிண்டரில் முக்கால்வாசி தீர்ந்ததும் 2 கிலோ அளவுக்குக் காற்றின் எடையே குறைந்துவிடும், அலுமினிய சிலிண்டர் மேலே இழுக்க ஆரம்பிக்கும், அந்த 2 கிலோவையும் சேர்த்துத்தான் கணக்கிடவேண்டும். நுரையீரலை வைத்தே ஏறி இறங்கப் பழகிவிட்டால் பிசிடி பொத்தானில் விரலே போகாது. மூச்சை இழுத்தால் அரையடி மேலே, விட்டால் அரையடி கீழே. ஒரே ஒரு தாமதம் உண்டு, இழுத்து இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் உடம்பு ஏறும். அந்த நொடிகளுக்குள் பொறுமை இழந்து காலை உதைக்கிறவர்கள்தான் பவளத்தை உடைக்கிறார்கள்.

கையுறை போடலாமா என்று கேட்டவருக்கு: பவளப்பாறையில் வேண்டாம். கையுறை இருந்தால் கை தானாக எதையாவது பிடிக்கப் போகும்.

மார்ச் 14, காலை 6.30

கீழே கேட்கும் படபட சத்தம் ரெகுலேட்டர் (வாயில் வைத்து மூச்சிழுக்கும் கருவி) பழுது இல்லை. காய்ந்த சருகில் தீப்பிடித்த மாதிரி விடாமல் கேட்கும். சுடும் இறால்கள், கொடுக்கைச் சொடுக்கும்போது உண்டாகும் குமிழி வெடிக்கிற ஒலி. நடுவில் கறுக் கறுக் என்று கேட்டால் கிளிமீன், பாறையைக் கடித்துப் பாசியைச் சுரண்டுகிறது. பின்னால் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் அதே கல் மணலாக வெளியே போகும். எந்தத் திசையிலிருந்து சத்தம் என்று மட்டும் தேடாதீர்கள், தண்ணீரில் ஒலி நாலு மடங்கு வேகத்தில் வருவதால் நம் காதுக்கு இடம் வலம் தெரியாது. நான் படகு தலைக்குமேல் வந்துவிட்டது என்று மூன்று தடவை குனிந்திருக்கிறேன்.

மார்ச் 15, இரவு 11.00

உங்கள் முதல் கேள்விக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய பதில் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது: இரவில் போங்கள்.

பகலில் டார்ச் சூரியனோடு போட்டி போடுகிறது. இரவில் அங்கே இருக்கும் ஒரே வெளிச்சம் உங்கள் கையில் இருப்பது, மூன்றடி தள்ளி. எதுவும் வழியில் தொலைவதில்லை. பகலில் சாம்பல் சுவராகப் பார்த்த இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் கிண்ணப் பவளம், பாலிப்புகள் முழுக்க விரிந்து, சாமந்தி பூத்த வேலி மாதிரி. கல்பவளங்களில் பல இரவில்தான் கைநீட்டி இரை பிடிக்கும், பகலில் எல்லாம் உள்ளே சுருட்டிவைத்திருக்கும். கிளிமீன்களில் சில வகை வாயிலிருந்து கோழையைச் சுரந்து தன்னைச் சுற்றிக் கண்ணாடிப் பை மாதிரி ஒன்று செய்து அதற்குள் தூங்கும். பையின்மேல் மணல்துகள் ஒட்டியிருப்பதுகூடத் தெரியும். அதன் கண்ணில் டார்ச் அடிக்காதீர்கள், மிரண்டு பையை விட்டு ஓடினால் அன்றிரவு அதற்கு வீடில்லை.

இதிலும் நான் ஒரு பாவம் செய்தேன். ஒரு சிறிய நீல மீன்மேல் வெளிச்சத்தை நிறுத்தி ரசித்துக்கொண்டிருந்தேன். என் முழங்கை அருகிலிருந்து சிங்கமீன் ஒன்று அலுங்காமல் வந்தது, நான் காட்டிய மீனை ஒரே உறிஞ்சலில் விழுங்கியது, அடுத்தது எங்கே என்பதுபோல் பக்கத்திலேயே நின்றது. டார்ச் வெளிச்சத்தில் வேட்டையாட அது பழகியிருந்தது. அன்று முழுக்க எனக்குத் துணை.

ஒரு நிமிடம் எல்லோரும் டார்ச்சை நெஞ்சோடு அணைத்து மறைத்துவிட்டுக் கையை ஆட்டிப் பாருங்கள். விரல் நுனியிலிருந்து நீலப்பச்சைப் பொறி பறக்கும், நுண்ணுயிர்களின் ஒளி. அதை வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

மார்ச் 16, காலை 8.10

நேற்று எழுதவேண்டியது. இரவில் பொந்துகளிலிருந்து வெளியே வரும் மீன்களில் பல நல்ல சிவப்பு. பெரிய கண், சிவப்பு உடம்பு. ஒளிந்து வாழ்கிற மீனுக்கு எதற்கு இப்படிப் பளிச்சென்ற சட்டை என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அந்த ஆழத்தில் சிவப்பு வெளிச்சமே இல்லாததால் சிவப்பு மீன் கருப்பாகத்தான் தெரியும். நிழலோடு நிழல். நீங்கள் தொலைந்துபோனது என்று குறைப்பட்ட சிவப்பைத்தான் அது போர்த்திக்கொண்டிருக்கிறது. நாம் டார்ச்சைக் கொண்டுபோய் அதன் போர்வையை உருவுகிறோம்.

மார்ச் 16, மதியம் 2.25

டைவ் முடித்து எப்போது விமானம் ஏறலாம் என்று கேட்டவருக்கு: ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம் பொறுங்கள். நான் 24 வைத்துக்கொள்வேன். உடம்பில் கரைந்த நைட்ரஜன் சொல்லிக்கொண்டு வெளியேறுவதில்லை. மேலே ஏறும்போது 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பதையும் விடாதீர்கள். அந்த 3 நிமிடம் போரடிக்கிறது என்றால் கயிற்றை உற்றுப் பாருங்கள், அதிலேயே ஒரு காடு இருக்கும். என் விரலைக் கிழித்தது அதில்தான்.

மார்ச் 29, இரவு 9.15 (கேள்வி கேட்டவர்)

மறுபடி போனேன், அதே பாறை, டார்ச்சோடு. ஒரே முகட்டில் 35 நிமிடம். கொம்புகள் வழவழப்பு, புள்ளி புள்ளியாகக் கிண்ணம், ஆக உயிரோடுதான் இருக்கிறது. ஒரு தொங்கலுக்கு அடியில் கருப்பாக இருந்ததன்மேல் வெளிச்சம் போட்டேன், சுவர் முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரு துண்டு மட்டும் கண் சிமிட்டாமல் என்னைப் பார்த்தது. இறால் வீடு தேடினேன், கிடைக்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் டார்ச்சுக்குள் தண்ணீர்.

மார்ச் 29, இரவு 9.40

சிமிட்டாமல் பார்த்தது தேள்மீனாக இருக்கும், முதுகு முள்ளில் விஷம், சுவரில் கை வைக்காமல் விட்டீர்களே, அது போதும். இறால் வீடு சுவரில் கிடைக்காது, பாறை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் தேடுங்கள்.

டார்ச்சின் பாட்டரியை இப்போதே கழற்றுங்கள், நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். ஓ-ரிங்கை (தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தால் ஒரு மணல்துகளோ தலைமுடியோ கண்டிப்பாக இருக்கும். எனக்கு இரண்டு டார்ச் அப்படிப் போனது. இரண்டாவதில் இருந்தது என் தாடிமுடி.